அப்பாவின் கார் ஒழுகுகிற காரணம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வட்ஸ்அப்பில் சொன்னதற்குப் பதில் எழுதுகிறேன். "அம்மா, அந்த ஒழுகல் கார வித்துத் தள்ளுங்க. அப்பாவ ஒரு நல்ல இல்லத்தில சேப்பம். செலவ நான் பாக்கிறன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். நான் "ஓம், பாப்பம்" என்றேன். நான் பார்ப்போம் என்று சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோதும் சுற்றுலா கேட்டபோதும் இந்தப் பதிலை வாங்கி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன் நீ. கனடாவுக்குப் போனதும் அது மறந்துவிட்டது போலிருக்கிறது. போனில் விளக்கமாகச் சொல்ல முடியாது. அப்பா பக்கத்திலேயே இருப்பார், நீயும் பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன், நீ ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தை பிறந்ததும் நான் கொழும்புக்குப் போக வேண்டும். நெஞ்சில் ஒப்பரேசன். பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார், அவர் அப்படிச் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம் பிடித்தது. போனால் சில கிழமைகள் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அதற்கு மேலே உள்ளதை நான் எழுதத் தேவையில்லை. அப்பாவுக்குச் சமைத்துக் கொடுக்க உன் சித்தியின் மகள் தேற்றாத்தீவிலிருந்து வருவாள். ஆனால் அவள் பொழுது படுமுன் பஸ் ஏறவேண்டும், அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆபத்து அந்தப் பொழுதுபடுகிற நேரத்தில்தான். அந்த நேரத்துக்கு வீட்டில் நிற்க நீ வரவேண்டும். பணம் அனுப்பி நிறுத்தக்கூடிய ஆள் இல்லையா என்று கேட்பாய். இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

காரைப் பற்றி நீ சொன்னது எனக்குச் சுட்டது. நம்முடைய வழக்கம் உனக்குத் தெரியும். இந்த வீடு எனக்கு என் தாய் தந்த சீதனம். வளவும் எனது, கிணறும் எனது, தென்னைகளும் எனது. ஆம்பிளை கலியாணம் முடித்து பெண் வீட்டுக்கு வருகிற ஊர் இது. அப்பா வரும்போது ஒரு சூட்கேசும் அந்தப் பழைய இங்கிலிஷ் காரும்தான் கொண்டுவந்தார். எங்களுக்குள் சண்டை வந்தால், "இது உன்ர வீடுதானே, நான் என்ர வீட்டுக்குப் போறன்" என்று சொல்லி காருக்குள் போய் இருந்துகொள்வார். நான் தேநீர் கொண்டுபோய் யன்னலால் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கி வருவார். இப்போது அவருக்கு என் பெயர் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வராது. உன் பெயர் வருவதே இல்லை. கார் மட்டும் தன்னுடையது என்பதில் ஒரு நாளும் தடுமாறியதில்லை. அதை விற்றால் அவர் இந்த வளவில் வெறும் விருந்தாளி. நீயும் கனடா வரைக்கும் போய் மாமியார் வாங்கிய வீட்டில்தான் இருக்கிறாய், ஆகவே இது உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

இனி ஒழுக்கின் கதைக்கு வருகிறேன். நீ இணையத்தில் பிடித்துக் கொடுத்த கொழும்புக்காரர் வந்து காரைப் பார்த்தார். கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவராம். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். காருக்குக் கீழே ஈரத்தைக் கண்டதும், "இத மட்டும் நிப்பாட்டித் தாங்க, அடுத்த மாதம் வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அப்போது விற்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். ஏறாவூரிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற மெக்கானிக்கை வரச் சொன்னேன். பழைய கார் என்றால் வேலையை விட்டுவிட்டு வருகிற மனிதர். காபரேட்டருக்குப் பக்கத்தில் சின்னச் செம்பு மாதிரி ஒரு கிண்ணம் இருக்கிறதல்லவா, அதற்குள் பெற்றோல் நிரம்ப நிரம்ப ஒரு பித்தளை மிதவை மேலே வரும். அது ஒரு ஊசியை அழுத்தி வழியை மூடும். மூடாவிட்டால் நிரம்பி வழியும். நானா மிதவையைக் கழற்றிக் காதோடு வைத்துக் குலுக்கினார். உள்ளே பெற்றோல் புகுந்திருந்தால் சளக்கென்று சத்தம் கேட்குமாம். சத்தம் இல்லை. சுடுதண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தார், குமிழி வரவில்லை. "ப்ளோட் நல்லா இரிக்கி டீச்சர், ஊசிதான் தேஞ்சிருக்கும்" என்று புது ஊசி போட்டார். அன்றைக்கு ஒரு சொட்டும் இல்லை. அடுத்த நாள் காலையில் நான் சாவியைத் திருப்ப, பம்ப் டிக் டிக்கென்று அடிக்க, கீழே மறுபடியும் ஈரம்.

மறுகா ஒரு நாள் வந்து அடியில் இருக்கிற தக்கை வாசரை மாற்றினார், காய்ந்து சுருங்கியிருக்கும் என்றார். குழாயை மாற்றினார். பிறகு ஒரு நாள் கிண்ணத்தைக் கீழிருந்து பிடிக்கிற போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டு, "நான் இறுக்கின போல்ட் தன்பாட்டில களருது டீச்சர், புரி தேஞ்சு போச்சு" என்றார். கடைசியில் காரைக் கட்டி இழுத்து ஏறாவூருக்கே கொண்டுபோய்விட்டார். அந்தக் கிழமைதான் அப்பா காணாமல் போனார். நான் கிணற்றடியில் நின்ற நேரம் கேற்றைத் திறந்துகொண்டு போயிருக்கிறார். பட்டிருப்புப் பாலத்தில் கையில் ஒரு வெறும் போத்தலோடு நின்று, போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களையெல்லாம் மறித்துக் கெஞ்சியிருக்கிறார். கூட்டிக்கொண்டு வந்த பொடியன் எனக்குச் சொன்னான்: "டீச்சர், ஐயா பெற்றோல் கேக்கிறார். வீட்டில வலி எண்டு சொல்லுறார். உங்களுக்கு ஏதும் சுகமில்லையா?" எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நெஞ்சு வலியை அப்பாவுக்கு மறைத்து வைத்திருந்தேன், அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

கார் திரும்பி வந்தது, ஒழுக்கும் திரும்பி வந்தது. இத்தனை காலம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது என்று எத்தனை பேருக்குக் கத்தியிருப்பேன். நானாவை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, காபரேட்டருக்கு நேர் கீழே வெள்ளைத் தாளை விரித்துத் தட்டால் அழுத்தி வைத்தேன். காலையில் போல்ட்டை நானே இறுக்கிவிட்டு சாவியைத் திருப்பிப் பார்த்தேன், ஒழுகவில்லை. மத்தியானம் பார்த்தேன், தாள் காய்ந்திருந்தது. பின்னேரத் தேநீருக்குப் பிறகும் காய்ந்திருந்தது. அடுத்த நாள் காலை போல்ட் தளர்ந்திருந்தது. ஓடாமல் நிற்கிற காரில் போல்ட் தானாகக் கழலாது. அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் குசினி யன்னலோடு நின்று பார்த்தேன். அப்பா சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பொனற்றைத் திறந்தார். போல்ட்டைத் தளர்த்தி, கிண்ணத்தில் இருந்த பெற்றோலை ஒரு சொட்டும் சிந்தாமல் போத்தலுக்குள் பிடித்தார். தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்குகிற மனிதர், அந்த நேரம் நடுங்கவில்லை. பிறகு போல்ட்டை விரலால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பனரை மறந்துவிட்டு, போத்தலைச் சாறத்துக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் குனிந்தது என் கட்டிலடியில். அங்கே பழைய பெட்டிகளுக்குப் பின்னால் சாராயப் போத்தல்களில், மருந்துப் போத்தல்களில், உன்னுடைய பழைய தண்ணீர்ப் போத்தலில் என்று பெற்றோல் வரிசையாக நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் நான் தினமும் நுளம்பு கடிக்காமல் திரி கொளுத்தி வைத்துவிட்டுப் படுக்கிறேன். அறையில் பெற்றோல் மணத்தது உண்மை, அவருடைய சேட்டில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். போத்தலைப் பறித்து, வகுப்பில் குழப்படி செய்த பொடியனைத் திட்டுவது போலத் திட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பயந்துபோய், கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சத்தம் போடாத புள்ள. ஆரும் கேட்டா வந்து எடுத்துக்கொண்டு போயிருவாங்க. உனக்கு வலி வந்தா என்ன செய்யிற? போன முறை மாதிரி ஆகக்கூடா." அதைக் கேட்டதும் நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

உனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். அவள் எப்படிப் போனாள் என்பதை நாங்கள் உனக்குச் சொன்னதில்லை. அது சண்டைக் காலம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம்முடைய படுவான்கரைக்குப் பெற்றோல் விடாத காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் எந்தக் காரும் முதலில் உயிர் பிடிக்காது. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடு ஏறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தக் கொஞ்சப் பெற்றோலுக்கு அப்பா எங்கெல்லாமோ அலைந்தார். கிடைத்ததை, வலி வந்தால் உடனே கிளப்பலாம் என்று, கிண்ணத்துக்குள்ளேயே விட்டு வைத்திருந்தார். மண்ணெண்ணெய் பட்டுப் பட்டுத் தக்கை வாசர் பழுதாகியிருந்தது. கீழே ஈரம் இருப்பதை முதல் நாளே கண்டிருக்கிறார். வேறு வாசர் எங்கே எடுப்பது? துணியால் சுற்றிவிட்டிருக்கிறார். விடிகிற நேரம் எனக்கு வலி கண்டது. அவர் கைபிடியைப் போட்டுச் சுற்றுகிறார், சுற்றுகிறார், கார் இருமக்கூட இல்லை. கிண்ணம் வறண்டு கிடந்தது, பெற்றோல் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. மாட்டு வண்டியில் பாலத்தடிக்குப் போய், அங்கே ஆமிக்காரரின் சோதனைக்காகக் காத்து நின்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உள்ளேயே அடங்கிவிட்டது. அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்து காபரேட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நீ வயிற்றில் வந்த பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கிண்ணத்தைத் திறந்து பெற்றோலைப் போத்தலில் எடுத்து வைப்பார். காலையில் திரும்ப ஊற்றுவார். காரில் விட்டால் ஒழுகும், கராஜில் வைத்தால் களவு போகும் என்று என் கட்டிலடியில்தான் வைப்பார். நீ பிறக்க எனக்கு வலி கண்ட அன்று கார் முதல் சுற்றிலேயே கிளம்பியது. நீ பிழைத்தாய். அன்றோடு அந்த வேலையை விட்டார். இப்போது அவருடைய மனம் போய் நிற்கிற இடம் அதற்கு முந்திய நாட்கள். நீ இன்னும் பிறக்கவில்லை. நான் பிள்ளைத்தாய்ச்சி. நீ வட்ஸ்அப்பில் கையசைத்தபோது "ஆர் இந்தத் தம்பி?" என்று கேட்டாரே, நீ போனை வைத்துவிட்டு அழுததாக மருமகள் சொன்னாள். அவர் உன்னை மறந்துவிட்டார் என்று நினைக்காதே மகன். உனக்காகத்தான் தினமும் பெற்றோல் பிடித்திருக்கிறார்.

விளங்கிய பிறகும் நான் கெட்டித்தனம் காட்டப் போய்த் தோற்றேன். போத்தல்களை எல்லாம் அப்புறப்படுத்தினேன். காரின் பெற்றோல் தாங்கியைக் காலி செய்தேன், பம்பின் வயரைக் கழற்றினேன். அவர் போய்ப் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளின் குழாயைப் பிடுங்கிவிட்டார். பொனற்றுக்குச் சங்கிலி போட்டேன். நகம் பிய்ந்து இரத்தம் வருமட்டும் இழுத்தார். கடைசியில் கிண்ணத்துக்குள் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பிடித்து வைக்கட்டும், தண்ணீர் தீப்பிடிக்காதுதானே. காபரேட்டர் உள்ளே வெள்ளையாகப் பூத்து, கறள் பிடித்துவிட்டது. கொழும்புக்காரர் இனி வரமாட்டார், விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தண்ணீரைப் பிடித்த அன்று அப்பா போத்தலை மூக்கோடு வைத்துப் பார்த்தார். வளர்த்த பிள்ளையின் முகம் போய்விட்டது, பெற்றோல் மணம் போகவில்லை. "இது தண்ணி. ஆரோ எடுத்துப்போட்டுத் தண்ணி ஊத்தியிரிக்கிறாங்க. இனி நான் உன்ன என்னெண்டு கொண்டுபோவன்?" என்று நிலத்தில் இருந்து அழுதார். மூத்தவளுக்கு அழாத அழுகை அது.

நான் பக்கத்தில் இருந்து, "இஞ்சருங்க, புள்ள பிறந்திட்டுது" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப?"

"மத்தியானம்."

"என்ன புள்ள?"

"ஆம்பிளப் புள்ள. சுகமா இரிக்கி."

"நீ?"

"நானும் சுகம்."

"ஆரப்போல?"

"உங்களப்போலதான். மூக்கப் பாத்தாத் தெரியும்."

சிரித்தார். போத்தலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய், கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், பெற்றோல் கையோடு பிள்ளையைத் தொடக்கூடாது என்று. வந்து பிள்ளை எங்கே என்றார். நித்திரை, எழுப்ப வேண்டாம் என்றேன். சரி என்று தானும் படுத்துவிட்டார். விடிந்தபோது எல்லாம் அழிந்திருந்தது. பின்னேரம் மறுபடியும் சாறத்தை மடித்துக் கட்டினார். அவர் விறாந்தையால் இறங்குமுன் மறித்து மறுபடியும் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன். தினமும் முதல் தரம் கேட்பது போலச் சந்தோசப்படுகிறார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். கார் ஒழுகாமல் நிற்பது இதனால்தான். இப்போது அது ஓடவும் ஓடாது, ஆனால் அது அங்கே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் மறுபடியும் பாலத்தில் நிற்பார். இல்லத்தில் விட்டால் அங்குள்ளவர்கள் இருக்கிற வாகனத்தையெல்லாம் அவரிடமிருந்து காக்கவேண்டி வரும், பிறகு கட்டிப்போடுவார்கள்.

ஒரு நாள் களைப்பில் வாய் தவறி, பெண்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். தவறியதா, வேண்டுமென்று சொன்னேனா என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு அவர் பட்ட சந்தோசத்தை உனக்கு எழுத மாட்டேன். அவளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று வளவைச் சுற்றிக் காலால் அளந்தார். எனக்கு நெஞ்சு அடைத்து, அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. ஒப்பரேசன் பேச்சு அங்கேதான் தொடங்கியது. நீ அந்தப் பிழையைச் செய்யாதே. அவர் கேட்டால் ஆம்பிளப் பிள்ளை என்றே சொல்.

ஆகவே மார்கழி முடிய முன் வா. இரண்டு பின்னேரம் என்னோடு நின்று பழகிக்கொள். அவர் தேநீர் குடித்து முடித்து வானத்தைப் பார்த்தால் தயாராக நில். விறாந்தைப் படியிலேயே சொல்லிவிட வேண்டும், பொனற்றடிக்குப் போய்விட்டால் பிறகு கேட்கமாட்டார். அப்பா என்று கூப்பிடாதே, அவருக்கு இன்னும் பிள்ளை இல்லை. ஐயா என்று கூப்பிடு. நீ யார் என்று கேட்பார். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி கொண்டுவந்த ஆள் என்று சொல். பிள்ளை பிறந்திட்டுது, ஆம்பிளப் பிள்ளை என்று சொல். உன் கையைப் பிடித்துக் கொள்வார், உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்லித் தேநீர் தரப் பார்ப்பார், நீ அழாமல் இருக்க வேண்டும். பிறகு என்னைக் கேட்பார், அதை மறக்கவேமாட்டார். அந்த நேரம் கொழும்பிலிருந்து உனக்கு என்ன செய்தி வந்திருந்தாலும் சரி மகன், தாயும் சுகம் என்றுதான் சொல்லவேண்டும்.

அம்மா